பயிற்சி விமானம் 3 தடவை குதிச்சு மூக்கு உடைஞ்சது: முதல் குதிப்புலயே என்ன செஞ்சிருக்கணும்?

கொழிஞ்சாம்பாறை மாணவி:

எல்லாருக்கும் வணக்கங்க. தனியாப் பறக்கறதுக்கு முந்தின கட்டத்துல இருக்கற மாணவ பைலட் நான். ஒரு பயிற்சிப் பள்ளியில செஸ்னா 152-ங்கற ரெண்டு சீட்டுப் பயிற்சி விமானம் இறங்கறப்ப நடந்ததைப் பத்திக் கேக்கணும்.

மாணவர் தனியா ஓட்டிட்டு இருந்தாரு. ஃப்ளாப் (றெக்கையோட பின்விளிம்புல கீழ இறக்கற தகடு) 30 டிகிரி. ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா இறங்கி வர்ற கடைசிக் கட்டத்துல, வேகம் 70 நாட்டை (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) ஒட்டி. காத்து மேக்கால இருந்து 12 நாட், அப்பப்ப 20 வரைக்கும் தூக்குச்சு. ஃப்ளேர் பண்ணினதும் (தரையைத் தொடறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கினதும்) ரொம்ப தூரம் மிதந்துட்டே போய், கிட்டத்தட்ட ரன்வே நடுவுலதான் தொட்டுச்சு. உடனே நாலஞ்சு அடி மேல எழும்புச்சு. அவரு யோக்கை (மூக்கை ஏத்தி இறக்கற கைப்பிடியை) முன்னால தள்ளினாரு. ரெண்டாவது குதிப்பு இன்னும் உயரம். மூணாவது தடவை நோஸ் வீல் நேரா இறங்கி, அந்த வீலைப் பிடிச்சிருக்கற ஃபோர்க் வளைஞ்சு, ப்ரொப்பெல்லர் ரெண்டு இலையும் தரையில அடிச்சு மடங்கிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை.

என் சந்தேகங்கள்: ஒவ்வொரு குதிப்பும் ஏன் பெருசாகிட்டே போகுது? எந்த இடத்துல கோ அரவுண்ட் (இறங்கறதைக் கைவிட்டு மறுபடி மேல ஏறிப் போறது) முடிவு எடுக்கணும்? ப்ரொப்பெல்லரை மட்டும் மாத்திட்டுப் பறக்கலாம்னு சிலர் சொல்றாங்களே, சரிதானா? நம்ம பக்கத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு இதுல எவ்வளவு பங்கு?

சர்க்யூட் வாத்தியார்:

தங்கச்சி, விவரத்தோட கேட்டிருக்கீங்க, அதனால விவரமாவே சொல்றேன். முதல் குதிப்பு இந்த விமானத்தை உடைக்கலை. அதுக்கப்புறம் யோக்கை முன்னால தள்ளினாரு பாருங்க, அதுதான் உடைச்சது.

152-ல மெயின் வீல் ரெண்டும் ஈர்ப்பு மையத்துக்குக் கொஞ்சம் பின்னால இருக்கு. மெயின் வீல் முதல்ல தொட்டா தரையோட உதை பின்பக்கம் விழுது, மூக்கு தானாக் கீழ சாயுது. றெக்கை காத்தைச் சந்திக்கற கோணம் குறையுது, லிஃப்ட் (றெக்கையோட தூக்கு விசை) குறையுது, விமானம் தரையில உக்காருது. நோஸ் வீல் முதல்ல தொட்டா எல்லாமே தலைகீழ். மூக்கு மேல எறியப்படுது, கோணம் கூடுது, லிஃப்ட் கூடுது, விமானம் மறுபடி காத்துல ஏறுது. அதனால நோஸ் வீல்ல விழுந்து எழும்பறதை வெறும் ஸ்பிரிங் உதைன்னு நினைச்சுக்காதீங்க. அங்க றெக்கை மறுபடி பறக்க ஆரம்பிச்சிருக்கு.

அப்ப மாணவருக்குத் தெரியறது வானத்தைப் பாக்கற மூக்கு மட்டும்தான். பயத்துல தள்ளுவாரு. கை தள்ளி, வால்ல இருக்கற எலிவேட்டர் வேலை செஞ்சு, மூக்கு இறங்கறதுக்குள்ள விமானம் தானாவே கீழ வர ஆரம்பிச்சிருக்கும். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து இன்னும் செங்குத்தா, மறுபடி நோஸ் வீல்லயே விழும். அடுத்து இழுப்பாரு, அதுவும் ஒரு நொடி தாமதம். ஒவ்வொரு சுத்துலயும் கை விமானத்துக்குப் பின்னாடியே ஓடும். கூடவே வேகமும் குறைஞ்சுட்டே வருது. மூணாவது தடவை உச்சியில இருக்கறப்ப ஸ்டாலுக்கு (றெக்கை தூக்கற சக்தியை இழக்கற நிலைக்கு) பக்கத்துல போயிருக்கும், எலிவேட்டருக்கும் பிடிப்பு இருக்காது. மூணாவது அடி எப்பவும் மோசமா இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இனி வேகம். 152 கையேட்டுல ஃப்ளாப் போட்ட சாதாரண அப்ரோச் (இறங்கி வர்ற) வேகம் 55-லிருந்து 65 நாட். 60-ல வரவேண்டியது 70-ல வந்தா வேகம் 10 நாட்தான் கூடுதல், ஆனா இயக்க ஆற்றல் 36 சதவீதம் கூடுதல். வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி அது ஏறும். அந்த மிச்ச ஆற்றல் தீர்ற வரைக்கும் விமானம் கிரவுண்ட் எஃபெக்ட்ல (தரையை ஒட்டி இழுவை குறையற உயரத்துல) மிதக்கும். பொறுமை இல்லாம அங்கயே அழுத்தி உக்கார வெச்சா நோஸ் வீல்தான் முதல்ல தொடும்.

தனியாப் பறக்கறப்ப இன்னொண்ணு சேருது, இதை வகுப்புல யாரும் அழுத்திச் சொல்றதில்லை. 152-ஓட அதிகபட்ச எடை 1670 பவுண்டு, அதாவது சுமார் 757 கிலோ. பக்கத்து சீட்ல இருந்த 75 கிலோ வாத்தியார் இறங்கிட்டாருன்னா ஸ்டால் வேகம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறையும். ரெண்டு பேரோட 60-ல சரியா உக்காந்த விமானம் தனி ஆளோட அதே 60-ல கூடுதலா மிதக்கும். முதல் தனிப் பறப்புல "இன்னும் உக்கார மாட்டேங்குதே"ன்னு தோணும்போது தள்ளாதீங்க. மூக்கை அதே இடத்துல பிடிச்சுட்டுக் காத்திருங்க. கண்ணு ரன்வேயோட கடைசி முனையில இருக்கட்டும். மூக்குக்கு முன்னாடி இருக்கற தாரைப் பாத்தா உயரமும் தெரியாது, இறங்கற வேகமும் தெரியாது.

குதிச்சா என்ன செய்யணும்? ஒண்ணு ரெண்டு அடி எழும்பல்னா, மூக்கைச் சாதாரண இறங்கு நிலையில அப்படியே பிடிங்க, துளி பவர் குடுங்க, தானா உக்காரும். அதுக்கு மேல போனா, மூக்கு வானத்தைப் பாத்தா, பக்கவாட்டுல நகர்ந்தா, இல்ல முன்னால மிச்சம் இருக்கற ரன்வே போதாதுன்னு தோணினா கோ அரவுண்ட். ரெண்டாவது குதிப்பு வந்துட்டா யோசனையே வேண்டாம், கோ அரவுண்ட்தான். நீங்க சொன்ன கணக்குல ரன்வே நடுவுல தொட்டிருக்கு. எழும்பறதுக்கு முன்னாடி, மிதந்துட்டு இருக்கும்போதே போயிருக்கணும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதை மனசுல ஆணி அடிச்ச மாதிரி வெச்சுக்கோங்க. ப்ரொப்பெல்லர் தரையில பட்டுச்சுன்னு சந்தேகம் வந்தாலே, சத்தமோ திடீர் அதிர்வோ ஆர்பிஎம் சரிவோ எதுவா இருந்தாலும், கோ அரவுண்ட் போகவே கூடாது. த்ராட்டிலை மூடுங்க, யோக்கை முழுசாப் பின்னால இழுத்துப் பிடிங்க, ரடர்ல (மூக்கை இடம் வலமாத் திருப்பற கால் பெடல்ல) நேரா வெச்சுத் தரையிலயே நிறுத்துங்க. இலை வளைஞ்ச எஞ்சினை நம்பி மேல ஏறக்கூடாது. நின்னதும் மிக்ஸ்சர் (எரிபொருள் கலவைக் குமிழ்) வெளிய, எரிபொருள் வால்வு மூடல், மேக்னட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தர்றது) ஆஃப், டவருக்கு ஒரு வார்த்தை, மாஸ்டர் (மின் சுவிட்ச்) ஆஃப், இறங்கி விமானத்துக்குப் பின்பக்கமா விலகிப் போங்க.

கொழிஞ்சாம்பாறை மாணவி:

ரொம்ப நன்றிங்க சார். ஒரு சந்தேகம். ஃப்ளாப் 30-ல, தரைக்குப் பக்கத்துல, வேகம் 45 நாட்ல இருந்தா முழு பவர் குடுத்தாலும் ஏறுமா? மூக்கு தானா மேல போகும்னு கேள்விப்பட்டேன். அப்ப தள்ளணுமா? தள்ளக்கூடாதுன்னு இப்பத்தான் சொன்னீங்க.

சர்க்யூட் வாத்தியார்:

கேக்க வேண்டிய கேள்விங்க. இந்த ரெண்டு தள்ளலும் வேற வேற.

அப்ரோச்ல ட்ரிம் (யோக்கைப் பிடிக்கற அழுத்தத்தைக் குறைக்கற அமைப்பு) ஐடில் (த்ராட்டில் மூடின) பவருக்கும் மெதுவான வேகத்துக்கும் வெச்சிருப்பீங்க. அந்த ட்ரிம்மோட முழு பவர் குடுத்தா மூக்கு வேகமா மேல போகும். விட்டுட்டா தரைக்குப் பத்திருபது அடி மேலயே ஸ்டால். அதனால இங்க யோக்கை முன்பக்கம் அழுத்தி மூக்கை அடிவானத்தோட சமமா நிறுத்தணும். நிறுத்தறதுன்னா அவ்வளவுதான், தரையைப் பாத்துத் திருப்பறது இல்லை. குதிப்புல செய்யற தப்பு, பவர் இல்லாம மூக்கை அடிவானத்துக்குக் கீழ குத்தறது. அழுத்தத்தைக் கையால அளக்காதீங்க, மூக்கு எங்க நிக்குதுன்னு கண்ணால பாருங்க.

வரிசை இப்படி: த்ராட்டில் சீரா முழுசும் உள்ள, அதே நேரத்துல வலது ரடர், மூக்கு சமநிலை. கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டர்ல பனி அடைக்காம இருக்கக் குடுக்கற சூடு) ஆஃப். ஃப்ளாப்பை 30-லிருந்து 20-க்கு. உடனே ஏறப் பாக்காதீங்க. கிரவுண்ட் எஃபெக்ட்ல, அதாவது றெக்கை நீளமான 33 அடிக்குள்ள, தரையை ஒட்டி இழுவை குறைவு. அங்கயே பறந்து 55 நாட் வாங்குங்க. நடுவுல மெயின் வீல் ஒரு தடவை தரையைத் தொட்டாக்கூடப் பரவாயில்லை. 55 வந்ததும் ஏறலாம். தடைகளைத் தாண்டினதுக்கு அப்புறம் மிச்ச ஃப்ளாப்பைப் படிப்படியா எடுங்க. பதட்டத்துல ஃப்ளாப்பை ஒரேயடியா 0-க்கு எடுத்தா விமானம் சடார்னு உக்காந்துரும், அது குதிப்பை விட மோசம்.

இதை வாத்தியாரோட உயரத்துல பயிற்சி எடுங்க. 3000 அடியை ரன்வேன்னு கற்பனை பண்ணி, முழு ஃப்ளாப், ஐடில், 50 நாட், அங்கிருந்து கோ அரவுண்ட். எவ்வளவு அழுத்தம் வேணும்னு கைக்குப் பழகற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்க. கேக்கத் தயங்காதீங்க.

ரேணிகுண்டா மெயின்டனன்ஸ்:

மூணாவது கேள்வி என் துறைங்க. ப்ரொப்பெல்லரை மட்டும் மாத்திட்டுப் பறக்கக் கூடாது. ஏன்னு சொன்னாத்தான் மனசுல நிக்கும்.

152-ல லைக்கமிங் ஓ-235 எஞ்சின். ப்ரொப்பெல்லர் நேரா கிராங்க்ஷாஃப்ட்ல போல்ட் ஆகியிருக்கு, நடுவுல கியர் எதுவும் இல்லை. இலை தாரைத் தொட்டு ஒரு கணம் தடைபட்டா அந்த அதிர்ச்சி முழுசும் கிராங்க்ஷாஃப்ட் வழியாப் பின் முனைக்குப் போகுது. பின் முனையில ஒரு சின்ன கியர், அதைப் பிடிச்சிருக்கறது ஒரு போல்ட்டும் ஒரு டவல் பின்னும் (இடம் மாறாமப் பிடிக்கற சின்ன உருளை ஆணி). கேம்ஷாஃப்ட், ரெண்டு மேக்னட்டோ, ஆயில் பம்ப் எல்லாம் சுத்தறது அந்த ஒத்தைக் கியர்ல இருந்துதான். போல்ட் தளர்ந்தா, பின் நசுங்கினா, எத்தனையோ மணி நேரம் நல்லா ஓடிட்டு ஒரு நாள் எல்லாமே ஒண்ணா நின்னுரும். ரெண்டு மேக்னட்டோ இருந்தும் அப்ப பிரயோஜனம் இல்லை.

அதுக்காகத்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வோட 2004-10-14 எண் உத்தரவு இருக்கு. ப்ரொப்பெல்லர் அடி வாங்கின லைக்கமிங் எஞ்சின்ல பின்பக்கத்தைத் திறந்து, கிராங்க்ஷாஃப்ட் கியர், டவல், போல்ட் துளை மரை எல்லாத்தையும் பாக்கணும், போல்ட்டும் லாக் பிளேட்டும் புதுசு போடணும். லைக்கமிங்கோட சர்வீஸ் புல்லட்டின் 533 இன்னும் ஒரு படி மேல போய், எஞ்சினை முழுசாப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுது. சிலர் முன்பக்க ஃபிளேஞ்சுல டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கற கருவி) வெச்சு, ஓட்டம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடப் பாப்பாங்க. டயல் கேஜ் முன் முனையைத்தான் காட்டும். பின்னால இருக்கற கியரைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.

இலை எப்படி மடங்கியிருக்குன்னு பாத்தா ஓரளவு துப்பு கிடைக்கும். பொதுவா ஐடில்ல அடிச்சா பின்னால மடங்கும், பவர் நிறைய இருந்தா நுனி முன்னால சுருளும். ஆனா ஐடில்ல அடிச்சதுதானேன்னு சோதனையை விட முடியாது. லேசா அரம் போட்டுச் சரி பண்றதுக்கு மேல ப்ரொப்பெல்லருக்கு வேலை வேணும்னா, எஞ்சின் நின்னிருந்தப்ப அடிபட்டிருந்தாலும் அது ப்ரொப்பெல்லர் அடிதான்.

அப்புறம் உடம்பு. 152, 172 ரெண்டுலயும் நோஸ் ஸ்ட்ரட்டை (நோஸ் வீலைத் தாங்கற காலை) ஃபயர்வால்லதான், அதாவது எஞ்சினுக்கும் பைலட் அறைக்கும் நடுவுல இருக்கற தகட்டுலதான், மாட்டியிருக்காங்க. பைப்பர் செரோக்கியில அது எஞ்சின் மவுண்ட்ல வரும். அதனால செஸ்னா மூக்குல விழுந்தா முதல்ல சுருங்கறது ஃபயர்வால் தகடு. கீழ் கவுலிங் (எஞ்சின் மூடி) கழட்டி, டார்ச் அடிச்சு, ஸ்ட்ரட் பொருத்து இடத்தைச் சுத்தி அலை மாதிரி மடிப்பு இருக்கான்னு பாக்கணும். ரடர் பெடல் இறுகினாலோ ஒரு பக்கம் மாட்டினாலோ ஃபயர்வால் உள்பக்கம் தள்ளியிருக்குன்னு சந்தேகப்படலாம், ஸ்டியரிங் இணைப்புகள் அந்தப் பக்கம்தான் போகுது. நோஸ் வீலோட டார்க் லிங்க், ஷிம்மி டேம்பர் (ஆட்டத்தை அடக்கறது), எஞ்சின் மவுண்ட் குழாய்களோட வெல்டிங், அதுக்கு உள்ள இருக்கற ரப்பர், கார்புரேட்டர் ஏர்பாக்ஸ், எக்ஸாஸ்ட், எதையும் விடக்கூடாது. மெயின் கியர் பொருத்தற இடத்துல உடம்புத் தகடு, றெக்கை ஸ்ட்ரட்டோட ரெண்டு முனை, டேங்க் கசிவு. ரிவெட்டைச் சுத்திக் கரி மாதிரி கறுப்புக் கோடு இருந்தா அந்த ரிவெட் ஆடுதுன்னு அர்த்தம்.

சம்பவ இடத்துல ஆர்வத்துல ஓடி வர்றவங்க ப்ரொப்பெல்லரைக் கையால சுத்திப் பாப்பாங்க. சுத்தக் கூடாது. மேக்னட்டோ தரைக்கம்பி அறுந்திருந்தா எஞ்சின் உதைக்கும். மூக்கைத் தூக்க எலிவேட்டர் முனையில ஆள் தொங்கறதும் கூடாது. ஈஎல்டி (விபத்துல தானா சிக்னல் அனுப்பற அவசரக் கருவி) இயங்கிட்டு இருக்கான்னு பாத்து, டவருக்குச் சொல்லிட்டு அணைக்கணும். ஆளைக் காப்பாத்தவோ தீயைத் தடுக்கவோ தவிர, அனுமதி வர்றதுக்கு முன்னாடி விமானத்தை நகர்த்தக் கூடாது. விபத்து விசாரணை விதிகள்படி டிஜிசிஏ-வுக்கும் (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஏஏஐபி-க்கும் (விமான விபத்து விசாரணைப் பிரிவு) 24 மணி நேரத்துக்குள்ள தகவல் போகணும்.

கஞ்சிக்கோடு காத்தாடி:

கடைசிக் கேள்விக்கு வர்றேன். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட இடைவெளி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து இதுக்குள்ள நெருக்கிக்கிட்டு வேகம் எடுத்து, வாளையாறு தாண்டிக் கோவை, பொள்ளாச்சி, உடுமலைன்னு விரியுது. காத்தாலைங்க அங்க சும்மா நிக்கலை. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர்ல 757 கிலோ விமானத்தைப் பத்திக் கேக்கணுமா! நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் திசை மாறி, கிழக்க இருந்து பாலக்காட்டுப் பக்கம் அடிக்கும்.

வேகத்தை விட அதோட ஏத்த இறக்கம்தான் பயிற்சி விமானத்துக்குப் பிரச்சினை. 12, அப்பப்ப 20-ன்னா வித்தியாசம் 8 நாட். அதுல பாதி, 4 நாட், அப்ரோச் வேகத்தோட சேக்கறது வழக்கம். 60-க்கு 64. அதனால 70-க்குக் காத்து காரணம்னு சொல்ல முடியாது. பலத்த குறுக்குக் காத்துல ஃப்ளாப்பும் ஓடுபாதை நீளத்துக்கு எவ்வளவு குறைச்சலா முடியுமோ அவ்வளவுதான் போடச் சொல்லுது கையேடு. 30 போட்டது இன்னொரு சிக்கல்.

குறுக்குக் காத்தைக் கணக்குப் போட மனக்கணக்கு போதும். ரன்வேக்கும் காத்துக்கும் 30 டிகிரி இருந்தா காத்துல பாதி குறுக்க அடிக்கும், 45-ன்னா 10-க்கு 7, 60-ன்னா 10-க்கு 9-ஐ ஒட்டி. கோவை ரன்வே 23-ல (அதாவது 230 டிகிரி திசை) காத்து 260 டிகிரியிலிருந்து 20 நாட்னா குறுக்க 10, எதிர்க்க 17. 152-க்கு நிரூபிச்சுக் காட்டின குறுக்குக் காத்து 12 நாட். 10-ங்கறது உள்ளதான் இருக்கு, ஆனா காத்து 290-க்குத் திரும்பினா அதே 20 நாட் குறுக்க 17 ஆயிரும். திருவனந்தபுரத்துல ரன்வே 32. மத்தியானக் கடல்காத்து 270-லிருந்து 12 அடிச்சா குறுக்க 9. அங்க கத்துக்கறவங்களுக்கு இது தினப்படி. கணக்குக்கு எப்பவும் தூக்கற வேகத்தை எடுங்க, சராசரியை எடுக்காதீங்க.

கேரளாக் கரையில கத்துட்டு கோவைக்குக் கிராஸ் கன்ட்ரி வர்றவங்களுக்கு இன்னொண்ணு. கோவை ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து 1324 அடி. வெயில் 35 டிகிரி இருந்தா காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட 4000 அடி உயரத்துல இருக்கற மாதிரி. மீட்டர்ல 60 காட்டறப்ப உண்மையான வேகம் 63, 64. தரை வேகமாப் போற மாதிரி கண்ணுக்குத் தோணும். அதை நம்பி வேகத்தைக் குறைக்காதீங்க, மீட்டர்தான் சரி.

ஆடி மாசத்துல சர்க்யூட் (ரன்வேயைச் சுத்திச் சுத்தி வந்து இறங்கற) பயிற்சியைக் காலைல 6-லிருந்து 8-க்குள்ள கேட்டு வாங்குங்க. 10 மணிக்கு மேல தரை சூடாகி மேல இருக்கற காத்து கீழ கலக்க ஆரம்பிச்சுரும். ஹேங்கர், தென்னந்தோப்பு இருக்கற பக்கத்துல இருந்து காத்து வந்தா ஃப்ளேர் பண்ற உயரத்துல ஒரு தொங்கல் வரும், கை த்ராட்டில்லயே இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:

எல்லா அண்ணன்களுக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு. முந்தின மாணவர் பலமா இறக்கிட்டு யாருக்கும் சொல்லாமப் போயிருந்தா, எனக்கு முன்சோதனையில தெரியுமா?

ரேணிகுண்டா மெயின்டனன்ஸ்:

பாதி தெரியும் தங்கச்சி. நோஸ் ஸ்ட்ரட்ல பளபளப்பான குழாய் வெளிய தெரியணும். உள்ள அமுங்கிக் கிடந்தா காத்து இறங்கியிருக்கு, அதுல 20 பிஎஸ்ஐ இருக்கணும். ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் இருக்கற இடைவெளியே ஓரடி கணக்குதான், ஸ்ட்ரட் அமுங்கினா அதுவும் குறையும். நோஸ் டயர் 30, மெயின் 29 பிஎஸ்ஐ. மெயின் டயர்ல ஒரே இடத்துல தட்டையாத் தேய்ஞ்சிருக்கா, நோஸ் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா, கவுலிங்குக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற கோடு நேரா இருக்கா, குனிஞ்சு பாருங்க. இலை நுனியை விரலால தடவுங்க, புதுச் சொரசொரப்போ தார்க் கறையோ இருந்தா நிறுத்துங்க. டாக்ஸி பண்றப்ப மூக்கு படபடன்னு ஆடினா திரும்பி வந்துருங்க.

ஃபயர்வால் மடிப்பும் எஞ்சின் உள்ள நடந்ததும் வெளிய தெரியாது. டெக் லாக்ல (விமானத்தோட பராமரிப்புப் பதிவேட்டுல) "பலமான தரையிறக்கம்"னு ஒரு வரி இருந்தாத்தான் நாங்க கவுலிங்கைத் திறப்போம். எழுதினவங்க மேல கோவிக்கற பள்ளியா இருந்தாலும் எழுதுங்க. தேதி, நேரம், எத்தனை குதிப்பு, எந்த வீல் முதல்ல தொட்டுது, ஃப்ளாப் எவ்வளவு, அதிர்வு இருந்துச்சா, அவ்வளவு போதும்.